ரப்பர் பாம்பும் நாலாவது காபியும்

காலை ஏழு மணி. ராத்திரி முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறவர், கடைசிக் குழிக்குப் பக்கத்துக் குளத்தில் ஒரு வெள்ளைத் தொப்பி மிதப்பதைப் பார்த்தார். நல்ல தொப்பியாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று வண்டியை நிறுத்திவிட்டு ஒரு குச்சியால் இழுத்தார். தொப்பிக்குப் பக்கத்தில் ஒரு மனிதனின் தோள் மெல்ல மேலே வந்தது. அவர் குச்சியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அந்த அம்மாளுக்கு மூன்று நாளாகப் பல்வலி. கன்னம் வீங்கியிருந்தது, அதைவிட முகம் வீங்கியிருந்தது. வாயில் அடக்கியிருந்த கிராம்பை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு குளத்தங்கரையில் குனிந்து பார்த்தார்.

இறந்தவர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். பின்மண்டையில் காயம். குளத்தைச் சுற்றிப் பதித்திருந்த கல்லில் மோதியிருக்கிறது. ஆனால் உயிர் போனது தண்ணீரில்தான்.

"மழை மேடம். கால் வழுக்கியிருக்கும்" என்றார் கான்ஸ்டபிள்.

"சட்டையைப் பாருய்யா. நெஞ்சுல ரெண்டு பட்டன் பிஞ்சிருக்கு. வழுக்கி விழறவன் தன் சட்டையைத் தானே பிச்சுக்குவானா? யாரோ கொத்தாப் பிடிச்சுத் தள்ளியிருக்காங்க."

கரையில் அவருடைய கோல்ஃப் பை சாயாமல் நின்றுகொண்டிருந்தது. கான்ஸ்டபிள் அதைக் கவிழ்த்தார். மட்டைகள், பந்துகள், ஒரு கையுறை, மடக்குக் குடை, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். சட்டைப் பையில் அறைச் சாவி. வேறு ஒன்றுமில்லை.

மைதானத்தின் ஓரத்தில் இருந்தது விருந்தினர் விடுதி. கான்ட்ராக்டருக்கு மட்டும் மரங்களுக்கு நடுவில் தனி அறை. அவர் விடுகிற குறட்டையில் மற்றவர்கள் தூங்க முடியாது என்று வருடா வருடம் அவரை அங்கே தள்ளிவிடுவார்களாம். அந்த அறையின் பூட்டிய கதவுக்கு முன்னால், தரையில், சாசர் போட்டு மூடிய ஒரு காபிக் கோப்பை இருந்தது. இன்ஸ்பெக்டர் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஆறிப்போயிருந்தது.

விடுதிக்குள் நுழைந்தால் ஹால். ஹாலைத் தாண்டித்தான் சமையலறை, அதற்கு வேறு வழி கிடையாது. முதலில் ஹாலுக்குள் போன கான்ஸ்டபிள் "ஐயோ!" என்று அலறிக்கொண்டு இன்ஸ்பெக்டர் மேலேயே வந்து இடித்தார்.

"பாம்பு மேடம்! மேஜை மேல ட்ரேல சுருண்டு கிடக்கு!"

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். மணிக்கட்டுப் பருமன், கை நீளம், பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை. போய் அதன் வாலைப் பிடித்துத் தூக்கினார்.

"ரப்பர். போலீஸ்காரன்னு வெளில சொல்லிக்காத."

கான்ஸ்டபிள் அசடு வழிந்தார். இன்ஸ்பெக்டர் பாம்பைக் கீழே வைத்துவிட்டு ட்ரேயைப் பார்த்தார். காலிக் கோப்பைகள் மூன்று. மூன்று சாசர்களிலும் காபி குளம் கட்டி நின்றது. ட்ரேயெல்லாம் பிசுபிசுப்பு.

"காபியில பாதி கோப்பைக்கு வெளிலதான் இருக்கு" என்று முணுமுணுத்தார்.

ஹால் சோபாவில் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஒரே ராத்திரியில் பத்து வயது கூடிப்போனவராக ஒருவர் உட்கார்ந்திருந்தார். வக்கீல். இறந்தவருக்கு முப்பது வருட நண்பர்.

"மொத்தம் எத்தனை பேர் வந்தீங்க?"

"நாலு பேர் மேடம். நான், டாக்டர், அவன், அவனோட மச்சினன். ஆரம்பத்துல நாங்க மூணு பேர்தான். மச்சினன் இப்போ நாலு வருஷமா வர்றான். வருஷத்துல ஒரு தடவை, ரெண்டு நாள், வேலை வெட்டியெல்லாம் விட்டுட்டு வந்துடுவோம்."

"பந்தயம் கட்டி ஆடுவீங்களா?"

"பைசா கிடையாது. காசு வந்தா சிநேகிதம் போயிடும்னு முதல் வருஷமே பேசி வச்சுட்டோம். சும்மா விளையாட்டுக்கு ரெண்டு ஆட்டம். ஒண்ணு ஓநாய். ஒவ்வொரு குழிக்கும் ஒருத்தன் ஓநாய். மத்தவங்க முதல் அடி அடிக்கறதைப் பார்த்துட்டு, யாரைக் கூட்டாளியா எடுக்கறான்னு அவன் சொல்லணும். எவனும் வேண்டாம்னா ஒத்தை ஆளா மூணு பேரையும் எதிர்த்து ஆடலாம்."

"இந்தப் பாம்பு?"

வக்கீலின் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு போனது. "அது ரெண்டாவது ஆட்டம். குழிக்குப் பக்கத்துல பந்து வந்ததும் மெதுவா உருட்டி உள்ள தள்ளணும். ரெண்டு தட்டுல விழுந்தா சரி. மூணு தட்டு ஆச்சுன்னா பாம்பைக் கழுத்துல போட்டுடுவோம். அடுத்து எவன் மூணு தட்டு தட்டறானோ அவன் கழுத்துக்கு மாறும். அதுவரைக்கும் தூக்கிச் சுமக்க வேண்டியதுதான். ஆட்டம் முடியறப்போ எவன்கிட்ட இருக்கோ அவனை மறுநாள் ஒரு வழி பண்ணிடுவோம்."

"நேத்து என்ன நடந்தது?"

"பதினாறாவது குழியில என் முழங்கால் பிடிச்சுக்கிச்சு. வண்டியை எடுத்துக்கிட்டு நான் மட்டும் திரும்பிட்டேன். ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி..." அவர் தயங்கினார்.

"சொல்லுங்க. இப்ப வக்கீலா யோசிக்காதீங்க."

"அந்தக் குழியில கான்ட்ராக்டர்தான் ஓநாய். மச்சினன் நேத்து அடிச்சதுலயே நல்ல அடி, பந்து நேரா நடுவுல போய் விழுந்துச்சு. யாரா இருந்தாலும் அவனைத்தான் எடுப்பாங்க. இவன் எடுக்கல. தனியா ஆடறேன்னுட்டான். பொழுதன்னைக்கும் ஒரு தடவைகூட அவனை எடுக்கல மேடம். தனியா ஆடிக் கடைசில இவனே மூணு தட்டு தட்டினான். டாக்டர்கிட்ட நானும் மச்சினனும் சிரிச்சுக்கிட்டே சொல்லி, பாம்பை இவன் கழுத்துல போட வச்சோம். அப்பவும் சும்மா இல்லாம மச்சினனைப் பார்த்து 'உன்னை எடுத்திருந்தா ரெண்டு பாம்பு வந்திருக்கும்டா'ன்னான். அவனுக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. 'ஒரு நாள் இல்ல ஒரு நாள் உங்களைத் தண்ணில தள்ளிட்டுத்தான் போவேன் மாமா'ன்னு கத்தினான். நான் வண்டில ஏறிட்டேன்."

இன்ஸ்பெக்டர் கிராம்பை அடுத்த பக்கம் தள்ளினார்.

"அப்புறம் யாரு எப்ப திரும்பினாங்க?"

"நான் இந்த சோபாவுலயேதான் கிடந்தேன். மாடி ஏற முடியல. இருட்டற நேரத்துக்கு மச்சினன் முன்வாசல் வழியா வந்தான். மெல்லிசு பனியன், அரை டிராயர், தொப்பலா நனைஞ்சிருந்தான். கையில ஒண்ணுமில்ல, பையைக்கூட எங்கேயோ போட்டுட்டு வந்துட்டான். நேரா மாடிக்குப் போயிட்டான். டாக்டர் ரூமுக்குத் தோட்டத்துப் பக்கம் தனி வாசல் இருக்கு, அவன் எப்ப வந்தான்னு தெரியாது. ராத்திரி யாருமே இந்தப் பக்கம் வரல. முட்டிவலில நான் கண்ணை மூடவே இல்ல மேடம். கான்ட்ராக்டர் அவன் ரூமுக்குப் போய்ப் படுத்திருப்பான்னு நினைச்சேன். பாவி, தண்ணிக்குள்ள கிடந்திருக்கான்."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மச்சினன் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கண் சிவந்திருந்தது.

"நான் அப்படிக் கத்தினேன். நிஜம்தான். ஆனா வக்கீல் சார் போனதும் நான்தான் முதல்ல கிளம்பினேன். பையைப் புல்லுலயே வீசிட்டு வந்துட்டேன். மாமாவும் டாக்டரும் அடுத்த குழிக்கு நடந்துக்கிட்டிருந்தாங்க."

"பார்த்த ஆள் யாராவது?"

"மழையில யாரு இருப்பா?"

"தம்பி, ஒரு விளையாட்டுல கூட்டாளியா எடுக்கலைன்னா இவ்வளவு கோபமா?"

"விளையாட்டுல மட்டும் இல்ல மேடம்" என்றான்.

டாக்டர் தோட்டத்து வாசலில் நின்றிருந்தார். ஊரில் பெயர்பெற்ற அறுவை மருத்துவர். இஸ்திரி கலையாத சட்டை, இரண்டு கையும் பேன்ட் பைக்குள்.

"பதினாறு முடிஞ்சதுமே நான் கிளம்பிட்டேன். தூறல் ஆரம்பிச்சிடுச்சு. மாமனும் மச்சினனும் பேசித் தீர்த்துக்கட்டும்னு விட்டுட்டேன். அது தப்பாப் போச்சு."

"வந்தது?"

"இந்த வாசல் வழியா. குளிச்சேன், படுத்தேன்."

"காலைல காபி போட்டது யாரு?"

"நான்தான். ஆறு மணிக்குப் போட்டு எல்லாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் கதவைத் தட்டினேன், திறக்கல. தூங்கறான்னு நினைச்சு வாசல்லயே வச்சுட்டு வந்தேன்." அவர் அந்தத் தனி அறைப் பக்கம் திரும்பினார். "குளத்துல கிடக்கான்னு தெரிஞ்சிருந்தா காபியா வைப்பேன் மேடம்?"

நியாயமான கேள்வி. கான்ஸ்டபிள் தலையை ஆட்டினார். ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல். ஒரு பக்கம் செத்தவன் வாசலில் காபி வைத்த டாக்டர், இன்னொரு பக்கம் தண்ணீரில் தள்ளுவேன் என்று கத்தியவன். எந்தப் பக்கம் சாயும் என்று கேட்கவா வேண்டும்? "மச்சினனை ஜீப்ல ஏத்திடலாமா மேடம்?" என்று கான்ஸ்டபிள் காதோரம் கேட்டார்.

ஒன்பதரைக்கு வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. கான்ட்ராக்டரின் மனைவி இறங்கினாள். வெளிறிய முகம். ஒரு கை அடிவயிற்றைப் பிடித்தபடியே இருந்தது. அடுத்த வாரம் அவளுக்குப் பெரிய ஆபரேஷன், செய்யப்போவது இதே டாக்டர்தான் என்று வக்கீல் மெதுவாகச் சொன்னார்.

தம்பி கத்தியது உட்பட நடந்ததையெல்லாம் வரும் வழியில் யாரோ போனில் சொல்லியிருந்தார்கள். தம்பி படியிலிருந்து எழுந்து "அக்கா" என்று வந்தான். அவள் பளார் என்று அறைந்தாள்.

"உன்னை என் வயித்துல பிறந்த பிள்ளை மாதிரி வளர்த்தேனேடா! அவரைத் தள்ளிட்டியே! ஒரு பாழாப்போன விளையாட்டுக்கு என்னை இப்படி நிக்க வச்சுட்டியே! போ. இனிமே எனக்குத் தம்பி கிடையாது."

அவன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. வாசலைத் தாண்டி மரங்களுக்கு நடுவில் நடந்து, அந்தத் தனி அறையின் படியில் போய் உட்கார்ந்துகொண்டான். கான்ஸ்டபிள் பின்னாலேயே போய் நின்றார்.

அவள் டாக்டரிடம் ஓடினாள். "அண்ணா, என்னை விட்டுட்டுப் போயிட்டாரே அண்ணா" என்று அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். டாக்டர் "அழாதம்மா, அழாதம்மா" என்றார். பைக்குள் இருந்த கையை மட்டும் எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டருக்கு அது உறுத்தியது. முப்பது வருடப் பழக்கம், தங்கை மாதிரி ஒருத்தி தோளில் விழுந்து கதறுகிறாள், முதுகில் ஒரு கை வைக்கமாட்டானா ஒரு மனுஷன்?

கணவனின் அறையைப் பார்க்க வேண்டும் என்றாள் அவள். எல்லோரும் போனார்கள். வாசலில் இருந்த கோப்பையைப் பார்த்ததும் அவள் அழுகை சட்டென்று நின்றது.

"இது யார் வச்சது?"

"டாக்டர்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"டாக்டர் அண்ணாவா? அவர் ஏன்?" அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வக்கீலைப் பார்த்தாள். "பாம்பு யார்கிட்ட இருந்துச்சோ அவங்கதானே காபி போடணும்? போன வருஷம் பாம்பு இவர்கிட்ட மாட்டி, வெந்நீர் வைக்கத் தெரியாம எனக்கு விடியக்காலைல போன் பண்ணினாரே. டாக்டர் அண்ணாகிட்டதான் பாம்பு போனதே இல்லைன்னு வருஷா வருஷம் வந்து புலம்புவாரே."

மரத்திலிருந்து மழைநீர் சொட்டியது. இன்ஸ்பெக்டர் வாயிலிருந்த கிராம்பைத் துப்பினார்.

"வக்கீல் சார். தோத்தவனை ஒரு வழி பண்ணுவோம்னு சொன்னீங்களே, அது இதுதானா?"

"ஆமா மேடம். காபி போட்டு, பாம்பை ட்ரேல சுருட்டி வச்சு, வாசல் வாசலாக் கொண்டுபோகணும்."

"இன்னைக்கு ட்ரேல பாம்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு." வக்கீலின் குரல் இறங்கியது. "டாக்டர் அவன் ரூம்லேர்ந்து வந்து, ஹால் வழியா சமையலறைக்குப் போனான். அப்புறம் ட்ரேயோட வந்தான். பாம்பு இருந்துச்சு. வழக்கமா இருக்கறதுதானேன்னு எனக்கு ஒண்ணும் தோணல."

"வழக்கமா இருக்கறது. அதான் யாருமே கேக்கல. நானும் வாலைப் பிடிச்சுத் தூக்கிட்டு, கீழ வச்சுட்டுப் போயிட்டேன்." இன்ஸ்பெக்டர் டாக்டர் பக்கம் திரும்பினார். "பதினாறாவது குழியில பாம்பு கான்ட்ராக்டர் கழுத்துல. போட்டதே நீங்க. அடுத்தவன் மூணு தட்டு தட்டற வரைக்கும் அவர்தான் சுமக்கணும். ஆனா அவர் பைல பாம்பு இல்ல, உடம்புல இல்ல. பதினாறு முடிஞ்சதும் கிளம்பிட்டேன்னீங்களே, அப்புறம் அது எப்படி உங்க ட்ரேக்கு வந்துச்சு?"

"சமையலறையில கிடந்துச்சு" என்றார் டாக்டர். "மச்சினன் கொண்டுவந்து போட்டிருப்பான்."

"சமையலறைக்கு ஹால் வழியாத்தான் போகணும். ஹால்ல வக்கீல் விடிய விடிய முழிச்சுக் கிடந்திருக்கார். மச்சினன் வந்தது வெறுங்கையோட, ஒட்டின பனியனோட. என் மணிக்கட்டு மொத்தத்துக்கு ஒரு பாம்பை அதுல எங்க மறைப்பான்? அவன் நேரா மாடிக்குப் போயிட்டான். ராத்திரி வேற யாரும் வரல. காலைல முதல்ல ஹாலைத் தாண்டினது நீங்கதான். பாம்பு உங்ககூடத்தான் வந்துச்சு டாக்டர். அப்படின்னா நீங்க பதினாறோட கிளம்பல. அதுக்கப்புறம் ஒரு குழியில நீங்க மூணு தட்டு தட்டியிருக்கீங்க. உங்க கழுத்துல பாம்பைப் போட கான்ட்ராக்டர் அப்போ உயிரோட இருந்திருக்கார்."

"இவனுக்கு மூணு தட்டா?" வக்கீல் நம்பாமல் கேட்டார். "ஆபரேஷன் பண்ற கை மேடம்."

"அதைத்தான் நானும் பார்க்கணும். டாக்டர், பைக்குள்ளேர்ந்து கையை எடுங்க."

அவர் அசையவில்லை.

"சாசரெல்லாம் காபி. தோள்ல சாஞ்சு அழற பொண்ணைத் தட்டிக்கொடுக்கக்கூட அந்தக் கை வெளில வரல. எடுங்க."

டாக்டர் கைகளை வெளியே எடுத்தார். இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. பயத்தில் நடுங்குகிற நடுக்கம் அல்ல அது. அவர் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்து அடக்கப் பார்த்தார். இரண்டும் சேர்ந்து நடுங்கின.

"கடைசிக் குழி" என்றார் மெதுவாக. "ஒரு முழ தூரம்தான் இருந்துச்சு. சின்னப் பிள்ளை தட்டினாலே விழும். மூணு தட்டு தட்டினேன். அவன் குதிச்சான். முப்பது வருஷமாச்சுடான்னு பாம்பைக் கழுத்துல போட்டான். போடும்போதுதான் கையைப் பார்த்தான். சிரிப்பு நின்னுபோச்சு. எத்தனை நாளாடான்னான். ஆறு மாசம்னேன்."

அவள் பின்னால் ஒரு அடி நகர்ந்தாள்.

"'இந்தக் கையை வச்சுக்கிட்டா அவளை அறுக்கறேன்னு ஒத்துக்கிட்டே? நாளைக்கே ஆஸ்பத்திரில சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்'னான். காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். இந்தக் கையை விட்டா எனக்கு என்ன இருக்கு? அவன் மசியல. சட்டையைப் பிடிச்சேன். தள்ளினேன்."

"விழுந்ததும் இழுத்தீங்களா?"

டாக்டர் குளம் இருந்த திசையைப் பார்த்தார். "இழுத்திருக்கலாம். மூச்சு இருந்துச்சு. நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"அண்ணா" என்றாள் அவள்.

"இவ்வளவையும் மறைச்சீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தப் பாம்பைக் குளத்துலயே வீசியிருந்தா உங்களைக் கண்டுபிடிக்க எனக்கு வழியே இல்ல. எதுக்குய்யா அந்தக் காபியைப் போட்டீங்க?"

"தோத்துட்டேனே மேடம்." டாக்டர் கீழே இருந்த கோப்பையைப் பார்த்தார். "முப்பது வருஷத்துல முதல் தடவையா அவன் என்னை ஜெயிச்சான். விடிஞ்சதும் அது ஒண்ணுதான் ஞாபகத்துல நின்னுச்சு. கொடுக்காம எப்படி இருக்கறது?"

வக்கீல் அருவருப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பிய கண் கலங்கியிருந்தது.

ஜீப்பை அந்த அறை வாசலுக்கே கொண்டுவந்து டாக்டரை ஏற்றினார்கள். ஏறுவதற்கு முன் அவர் நின்று, மச்சினனைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "மச்சினன் கோவிச்சுக்கிட்டுப் போனதும், பதினேழாவதுக்கு நடக்கும்போது கான்ட்ராக்டர் சொன்னான். 'பையன் அடிச்சது அருமையான அடி. எடுத்திருக்கணும். நாளைக்கு முதல் குழியிலேயே எடுத்துடறேன்'னு. பையன்கிட்ட சொல்லிடுங்க."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தவன் காதில் அது விழுந்தது. அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது.

ஜீப் போன பிறகு அக்கா அவனருகில் போய் நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த நாலாவது காபி. அதை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

"தம்பி" என்றாள். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடா."

"நீ எங்கக்கா கேட்ட?" அவன் நிமிரவில்லை. "'நீயா தள்ளின?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இல்லைன்னு சொல்லியிருப்பேனே."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வலித்திருக்க வேண்டும். அவன் உடனே எழுந்து அவள் தோளைப் பிடித்தான், மெல்ல நடத்தி வாடகைக் கார்வரை கூட்டிப்போனான். பின்கதவைத் திறந்து, தலை இடிக்காமல் கையை வைத்து உட்கார வைத்தான். காலடியில் தொங்கிய புடவைத் தலைப்பை எடுத்து உள்ளே போட்டான்.

அவள் அந்தக் கோடிக்கு நகர்ந்து பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டாள்.

அவன் கதவைச் சாத்திவிட்டு, சுற்றிக்கொண்டு போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.